கிரயப் பத்திரத்தில் உங்கள் பெயர் உண்டா?

தேனியிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் செல்போன் ஆலைகளுக்கு வேலைக்குப் போயிருக்கும், போகக் கிளம்பிக்கொண்டிருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் ஒரு திறந்த மடல்.



செல்போன் கம்பெனிகள் கைமாறும் செய்தி இப்போது அடிக்கடி வருகிறது. 2023 அக்டோபரில் கர்நாடகத்தின் நரசாபுராவில் இருந்த விஸ்ட்ரான் ஆலையை 12.5 கோடி டாலருக்கு டாடா வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. 2024 டிசம்பரில், விவோவின் இந்தியத் தயாரிப்பில் 51 சதவீதப் பங்கு எடுத்துக்கொண்டு டிக்சன் கைகோக்கப் போகிறது என்றார்கள். 2025 ஜனவரியில் பெகாட்ரான் நிறுவனத்தின் இந்தியப் பிரிவில், அதாவது செங்கல்பட்டு மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் ஆலை வைத்திருக்கும் கம்பெனியில், 60 சதவீதப் பங்கு டாடா எலெக்ட்ரானிக்ஸ் வசம் போனது. இந்தச் செய்திகளை நாளிதழ்கள் எழுதுகிற விதம் ஒன்றே: யார் வாங்கினார், என்ன விலை, பங்குச் சந்தையில் ஏற்றமா இறக்கமா. அந்த ஆலையின் லைனில் நின்று வேலை பார்க்கிற உங்களுக்கு இந்த மூன்றாலும் பெரிய பயன் இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது வேறு. விற்பனைக்குள் எது இருக்கிறது, எது வெளியே விடப்பட்டது? நீங்கள் வேலை பார்க்கும் கட்டடமும் உங்கள் வேலையும் அந்தக் கிரயத்துக்குள் வருகிறதா? தமிழ்நாட்டில் ஒரு முறை இந்தக் கேள்வியை உரிய நேரத்தில் யாரும் உரக்கக் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். அந்தக் கதையை முழுதாகச் சொல்லி, அதிலிருந்து ஒரே ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கவே இந்த மடல்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் ஏன் அந்தப் பக்கம் போகிறார்கள் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய் இருட்டும் நேரத்தில் திரும்பும் தாய்மார்களின் பிள்ளைகள் நீங்கள். ஆண்டிபட்டிப் பக்கம் தறியும் மில்லும் தரும் கூலி எவ்வளவு என்பதும், கம்பத்துப் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் பந்தலுக்கடியில் நிற்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதும் உங்கள் வீட்டுக் கணக்கிலேயே இருக்கிறது. ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ பட்டப்படிப்போ முடித்துவிட்டு வெயில் படாத கூரையின் கீழ் மாதச் சம்பளம், பி.எஃப்., ஹாஸ்டல், கம்பெனிப் பேருந்து என்று ஒரு வேலை கிடைத்தால் போவதுதான் நியாயம். 2023 ஜூன் 15 முதல் போடியிலிருந்து சென்னைக்கு நேரடி ரயிலும் ஓடுகிறது. போக வேண்டாம் என்று சொல்வதற்கு இந்த மடல் எழுதப்படவில்லை. அந்த ஆலைகள் வந்ததால் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பெண்களின் கையில் முதல்முறையாகச் சொந்தப் பணம் புரண்டது. அதை மதிக்கிறவன் என்பதால்தான், அது ஒரு கையெழுத்தில் பறிபோகக்கூடாது என்று சொல்கிறேன்.

மேலே நான் சொன்ன அந்தக் கதை நோக்கியா ஆலையின் கதை. அதற்கு வருகிறேன். 2005 ஏப்ரலில் தமிழக அரசு நோக்கியாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் நிலம் சலுகையில் கிடைத்தது. மின்சாரத்துக்கு உறுதி தரப்பட்டது. வரியில் சலுகைகள் வந்தன. பிறகு அந்த வளாகமே சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆனது. 2006 தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பித்தது. சில ஆண்டுகளுக்குள் நோக்கியா உலகெங்கும் வைத்திருந்த மிகப் பெரிய ஆலைகளில் ஒன்றாக அது வளர்ந்தது. உச்ச காலத்தில் நோக்கியாவின் நேரடிச் சம்பளப் பட்டியலில் மட்டும் சுமார் 8,000 பேர். அதே வளாகத்தில் ஃபாக்ஸ்கான், சால்காம்ப், பெர்லோஸ் போன்ற உதிரிபாகக் கம்பெனிகளில் இன்னும் பல்லாயிரம் பேர். பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண்கள். பிளஸ் டூ முடித்த கையோடு ஊரை விட்டு வந்தவர்கள்.

அந்தக் கம்பெனிக்குக் கேடு ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கவில்லை. 2007இல் ஐபோன் வந்தது; அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு வந்தது; உலகச் சந்தையில் ஏறக்குறைய நாற்பது சதவீதத்தைக் கையில் வைத்திருந்த நோக்கியா தொடுதிரை ஸ்மார்ட்போனில் பின்தங்கிவிட்டது. 2010இல் மைக்ரோசாஃப்டிலிருந்து ஸ்டீபன் எலோப்பைத் தலைமைப் பொறுப்புக்குக் கொண்டுவந்தார்கள். 2011இல் தன் சொந்த மென்பொருளைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸை நம்பி இறங்கினார்கள். விற்பனை மேலும் சரிந்தது. 2013 செப்டம்பர் 3 அன்று, நோக்கியாவின் செல்போன் பிரிவையே 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசாஃப்ட் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. அதில் 379 கோடி தொழிலுக்கு, 165 கோடி காப்புரிமைகளைப் பயன்படுத்தும் உரிமத்துக்கு. சுமார் 32,000 ஊழியர்கள் புதிய முதலாளியிடம் போவார்கள் என்றார்கள். நவம்பரில் ஹெல்சிங்கியில் கூடிய பங்குதாரர்கள் 99 சதவீதத்துக்கும் மேலான வாக்குகளால் ஒப்புதல் தந்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் இருந்தவர்களும் நாளைக்கு மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஆகிவிடுவோம் என்றுதான் நம்பினார்கள். அப்படி நம்ப அவர்களுக்குக் காரணமும் இருந்தது.

2014 ஏப்ரல் 25 அன்று கைமாற்றம் முடிந்தபோது, உலகில் இரண்டு ஆலைகள் மட்டும் விற்பனைக்கு வெளியே நின்றன. ஒன்று தென்கொரியாவின் மாசான். இன்னொன்று நம் ஸ்ரீபெரும்புதூர். 32,000 என்று சொன்ன எண்ணிக்கை சுமார் 25,000 ஆகச் சுருங்கியது. விடுபட்டவர்களில் பெரும்பகுதியினர் நம்மவர்கள். நம் ஆலை விடுபட்டதற்குச் சொல்லப்பட்ட காரணம் வரி வழக்கு. மென்பொருளுக்காக ஃபின்லாந்துத் தலைமையகத்துக்கு அனுப்பிய ராயல்டி தொகையில் வரி பிடித்தம் செய்யவில்லை என்று வருமான வரித்துறை 2013இல் சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது. ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டன. சொத்தை மாற்றிக்கொடுக்க வேண்டுமானால் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டும் என்ற நிபந்தனையை 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அதே மாதம், ஏற்றுமதி என்று காட்டிய போன்களில் உள்நாட்டில் விற்றவையும் உண்டு என்று சொல்லித் தமிழக வணிகவரித் துறை சுமார் 2,400 கோடி ரூபாய்க்கு இன்னொரு நோட்டீஸ் அனுப்பியது. நோக்கியா ஆலையை விட்டுவிட்டு மீதியை விற்றது.

அதன் பிறகு நடந்ததைக் கவனமாகப் பாருங்கள். ஆலை மூடப்படவில்லை, மைக்ரோசாஃப்டுக்குக் கூலிக்குப் போன் செய்துகொடுக்கும் ஆலையாக மாறியது. ஏப்ரலிலேயே விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவித்தார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டு வெளியேறினார்கள். ஜூலையில் மைக்ரோசாஃப்ட் உலகம் முழுக்க 18,000 பேரை நீக்கப்போவதாக அறிவித்தது. அதில் 12,500 பேர் நோக்கியாவிலிருந்து வந்தவர்கள். ஸ்ரீபெரும்புதூர் செய்துகொண்டிருந்த விலை குறைந்த போன்கள் இனி வேண்டாம், தயாரிப்பை முக்கியமாக வியட்நாமின் ஹனோய்க்குக் கொண்டுபோகிறோம் என்றும் அப்போதே சொல்லிவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியதும் நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. கடைசியில் மீதி இருந்தவர்கள் 851 பேர். டிசம்பரில் பக்கத்துக் கட்டடத்து ஃபாக்ஸ்கானும் உற்பத்தியை நிறுத்தியது. அங்கே இன்னும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்கள் நோக்கியா ஊழியர்கூட இல்லை. எந்த இழப்பீட்டுப் பேச்சிலும் அவர்கள் முதல் வரிசையில் இருக்கவில்லை.

இங்கே ஒரு தகவலை நம் மாவட்டத்துக்காரர்களாகிய நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2005இல் அந்தப் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானபோது முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா ஆண்டிபட்டித் தொகுதி எம்.எல்.ஏ. 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடியபோது முதலமைச்சராக இருந்த ஓ. பன்னீர்செல்வம் போடிநாயக்கனூர்த் தொகுதி எம்.எல்.ஏ. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் ஓட்டுக்கும் ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கும் தொடர்பில்லை, அது எங்கோ சென்னைப் பக்கத்து விவகாரம் என்று நினைக்க நமக்கு இடமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது, இந்தக் கைமாற்றத்தில் பாதுகாப்போடு வெளியே வந்தவர் ஒருவரைக் காட்டுகிறேன். நோக்கியாவின் தலைவர் எலோப். கம்பெனி வேறொருவருக்குப் போனால் அவருக்கு என்ன கிடைக்கும் என்பது ஏற்கெனவே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. அதன்படி அவருக்கு 1.8 கோடி யூரோவுக்கு மேல் சேர வேண்டும் என்று கணக்காயிற்று. அதில் 70 சதவீதத்தை, தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்டே ஏற்றுக்கொண்டது. ஃபின்லாந்தில் இதற்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. எதிர்ப்பு கிளம்பினாலும் எழுதி வைத்தது எழுதி வைத்ததுதான். கம்பெனி விற்கப்பட்டால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசித்து எழுதி வைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மேலே இருப்பவருக்குத் தனியாக ஒரு பிரிவு எழுதுகிறார்கள். லைனில் நிற்பவருக்கு அந்தப் பிரிவு இல்லை. அதை எழுதக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. எழுதச் சொல்லி யாரும் நிர்ப்பந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சான்று இதைவிட நேரடியானது. மைக்ரோசாஃப்டுக்கும் அந்தத் தொழில் கைகூடவில்லை. 2015 ஜூலையில் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. 2016 மே மாதம் சாதாரண போன் தொழிலை 35 கோடி டாலருக்கு எஃப்.ஐ.எச். மொபைல், எச்.எம்.டி. என்ற இரு கம்பெனிகளுக்கு விற்றது. அந்த விற்பனையில் ஹனோய் ஆலை உள்ளே இருந்தது. சுமார் 4,500 ஊழியர்கள் புதிய முதலாளிகளிடம் மாறலாம் என்று அறிவிப்பிலேயே இருந்தது. ஒரே தொழில்தான் இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை கைமாறியது. இரண்டாவது முறை அது முன்னைவிட நொடித்துப்போய், விலையும் அடிமட்டத்தில் இருந்தது. ஆனாலும் வியட்நாம் ஆலைக்குப் பத்திரத்தில் இடம் கிடைத்தது. 544 கோடி யூரோவுக்குப் பேரம் நடந்த முதல் முறையில் நம் ஆலைக்குக் கிடைக்கவில்லை. எனவே, தொழில் நன்றாக நடந்தால் தொழிலாளிக்கு நல்லது, நொடித்தால் கெட்டது என்ற கணக்கு முழுதும் சரியில்லை. பத்திரத்தின் உள்ளே இருப்பதா வெளியே நிற்பதா என்பதுதான் வாழ்க்கையைத் தீர்மானித்தது.

இதற்கு வரும் முதல் மறுப்பு எனக்குத் தெரியும். வரித்துறை அந்த அளவுக்கு நெருக்காமல் இருந்திருந்தால் ஆலை விற்பனைக்குள் போயிருக்கும். பழியை அரசின் மேல் போடுங்கள் என்பார்கள். பாதி உண்மை. மத்திய அரசும் மாநில அரசும் அடுத்தடுத்து நோட்டீஸ் அனுப்பிய நேரம் மோசமான நேரம்தான். அந்த வருமான வரிப் பிரச்சினை 2018இல் இரு நாட்டு அரசுகளின் பேச்சுவார்த்தையில், சுமார் 20 கோடி யூரோவுக்கு முடிந்தது. அதற்குள் ஆலை மூடி மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் வழக்கே இல்லாமல் ஆலை மைக்ரோசாஃப்டிடம் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்ட ஆலைகளின் கதியைப் பாருங்கள். ஹங்கேரியின் கொமாரோமில் இருந்த ஆலை விற்பனைக்குள் போனது. அதையும் 2014இலேயே மூட முடிவெடுத்தார்கள். சாதாரண போன் வேண்டாம் என்று முடிவுசெய்த முதலாளியிடம் சாதாரண போன் செய்கிற ஆலை எத்தனை நாள் நீடித்திருக்கும்? வழக்கு, நடந்ததை விரைவாக்கியிருக்கலாம், வடிவத்தை மாற்றியிருக்கலாம். கைமாறும்போது தொழிலாளிக்கான பொறுப்பு யாருடையது என்று எங்கும் எழுதப்படாத நிலைதான் இரண்டு பாதையிலும் ஒன்றாக இருந்தது.

அப்படியானால் மூடுவதை யாராலும் தடுக்க முடியாது, பிறகு பிரிவு எழுதி என்ன பயன் என்று கேட்கலாம். சந்தையை எதிர்த்து ஆலையை ஓட்டச் சொல்லவில்லை. போகிறபோது விலை கொடுத்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் பேச்சு. அதற்கும் நோக்கியாவே சாட்சி. ஜெர்மனியின் ‘போகும்’ (Bochum) நகரில் நோக்கியாவுக்கு ஓர் ஆலை இருந்தது. 2008இல் அதை மூடி ருமேனியாவுக்குப் போக முடிவெடுத்தார்கள். அங்கே சுமார் 2,300 பேர் வேலை பார்த்தார்கள். நகரமே தெருவுக்கு வந்தது. அந்த மாநில அரசு, நீ வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கொடு என்று கம்பெனியிடம் நேரடியாகக் கேட்டது. கடைசியில் தொழிலாளர்களுக்கான இழப்பீட்டுக்கும் மறுவேலை ஏற்பாட்டுக்கும் சேர்த்து 20 கோடி யூரோ தர நோக்கியா சம்மதித்தது. அந்த வட்டாரத்தில் புதுத் தொழில் உருவாக்கும் திட்டத்துக்கு மேலும் 2 கோடி யூரோ கொடுத்தது. ஆலை மூடத்தான் செய்தது. ஆனால் மூடுவதற்கு அந்த ஜெர்மன் நகரம் வைத்த விலையும் ஸ்ரீபெரும்புதூர் வைத்த விலையும் ஒன்றல்ல. அங்கே தொழிற்சங்கம் பலமாக இருந்தது என்பது ஒரு காரணம். கொடுத்த மானியத்தைக் கேட்டுவாங்க அரசு துணிந்தது என்பது மற்றொன்று. நம் அரசும் மானியம் கொடுத்தது. அதில் போட வேண்டிய நிபந்தனையைப் போடவில்லை.

சட்டம் இருக்கிறதே, அது போதாதா என்று அடுத்த கேள்வி வரும். இருக்கிறது, அதைப் படித்தால்தான் ஓட்டை எங்கே என்று புரியும். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்திலேயே, நிறுவனம் கைமாறினால் தொழிலாளிக்கு இழப்பீடு உண்டு. புதிய முதலாளி முந்தைய ஊதியத்துக்கும் நிபந்தனைக்கும் குறையாமல், பணிக்காலத்தை அறுக்காமல் எடுத்துக்கொண்டால் மட்டும் இழப்பீடு இல்லை என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெகாட்ரானிலோ விஸ்ட்ரானிலோ நடந்ததுபோலப் பங்குகள் கைமாறினால், சட்டத்தின் கண்ணில் கம்பெனி அதே கம்பெனி. உங்கள் முதலாளி மாறவே இல்லை. அந்தப் பிரிவு அங்கே எழுவதே இல்லை. நோக்கியாவில் நடந்ததுபோல ஆலையை விட்டுவிட்டு மற்றதை விற்றால், விடப்பட்ட ஆலை கைமாறவில்லை, அப்போதும் எழாது. விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்துப் போட்டால் அது ஆட்குறைப்புக் கணக்கிலேயே வராது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவருக்குக் காலம் முடிந்து வேலை போனால் அதுவும் ஆட்குறைப்பு இல்லை. சரி, இவை எல்லாவற்றையும் தாண்டி இழப்பீடு கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். மாதம் 18,000 ரூபாயில் 4 ஆண்டு வேலை பார்த்தவருக்கு ஏறக்குறைய 36,000 ரூபாய். இரண்டு மாதச் சம்பளம்.

இதைவிடப் பெரிய ஓட்டை உங்கள் சம்பளச் சீட்டிலேயே இருக்கிறது. கையிலெடுத்து மேல்வரியைப் படியுங்கள். நீங்கள் செய்யும் போனில் ஒரு பெயர் இருக்கும். ஆலை வாசலில் இன்னொரு பெயர். அந்த ஆலையின் பெரும்பங்கை வைத்திருப்பது மூன்றாவது பெயர். சீட்டின் மேல்வரியில் இருப்பது ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சியின் பெயர். நான்கு பெயரில் நீங்கள் யாருடைய ஆள்? ஆலை விற்கப்பட்டால் ஏஜென்சிக்கு ஒப்பந்தம் முடிகிறது, அவ்வளவே. விற்றவரும் உங்கள் முதலாளி இல்லை, வாங்கியவரும் இல்லை. நம் மலைக்கு அந்தப் பக்கம் இதற்கு ஓர் ஒப்புமை இருக்கிறது. 2000இல் பீர்மேடு டீ கம்பெனியின் தோட்டங்களை முதலாளி அப்படியே விட்டுவிட்டுப் போனபோது, தமிழ்த் தொழிலாளர்கள் ஒழுகும் லயத்திலேயே ஆண்டுக்கணக்கில் நிலுவைக்காகக் காத்துக் கிடந்தார்கள். அவர்களிடமாவது தோட்டத்தின் பதிவேட்டில் ஏறிய பெயரும், போராட ஒரு சங்கமும், விட்டுப்போகாமல் பிடித்துக்கொள்ள ஒரு லயமும் இருந்தன. ஏஜென்சி ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்ணுக்கு வேலை போகும் வாரத்திலேயே படுக்கையும் போய்விடுகிறது.

டாடா போன்ற பெரிய நிறுவனம் வாங்கினால் பயமென்ன, நரசாபுராவில் ஆலை ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்பது நேர்மையான மறுப்பு. ஒப்புக்கொள்கிறேன். எல்லாக் கைமாற்றமும் கேடு என்று நான் சொல்லவில்லை. வாங்கியவருக்கு அந்த ஆலையின் பொருள் தேவைப்பட்டது; அதனால் ஆலை ஓடுகிறது, பெரிதாகவும் ஆகிறது. தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2024-25இல் 1,465 கோடி டாலரைத் தொட்டிருக்கும் இந்த நேரத்தில் ஆள் எடுப்புதான் நடக்கிறது, ஆட்குறைப்பு நடக்கவில்லை. ஆனால் 2011இல் ஸ்ரீபெரும்புதூரில் யாரிடம் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். ஐபோன் என்ற ஒரே ஒரு பிராண்டின் விற்பனையை நம்பி இத்தனை ஆலைகள் இருக்கின்றன. அந்த பிராண்டு நாளைக்கு வேறு நாட்டைத் தேடலாம். அமெரிக்கா போடும் சுங்கவரி மாறலாம். போன் என்ற பொருளின் வடிவமே மாறலாம். வாங்குபவரின் நல்ல மனதை நம்பியிருப்பது பாதுகாப்பு ஆகாது. ஆள் கிடைக்காமல் கம்பெனிகள் திண்டாடுகிற இந்தக் காலத்தில் நிபந்தனை கேட்டால்தான் கிடைக்கும். ஆர்டர் குறைந்த பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

நிபந்தனை போட்டால் கம்பெனிகள் ஆந்திராவுக்கோ கர்நாடகத்துக்கோ போய்விடும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். இது லேசான வாதம் இல்லை. மாநிலங்களுக்கிடையே போட்டி கடுமையாக இருப்பது உண்மை. ஆனால் சிப்காட்டைப் பாருங்கள். நிலத்தை நீண்ட காலக் குத்தகைக்குத்தான் தருகிறது. இத்தனை காலத்துக்குள் கட்ட வேண்டும் என்கிறது. வேறொருவருக்கு மாற்றுவதானால் தன்னிடம் அனுமதி வாங்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும் என்கிறது. இந்த நிபந்தனைகளுக்குப் பயந்து ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் காலியாகக் கிடக்கவில்லை. நிலம் கைமாறும்போது அரசின் அனுமதி வேண்டும் என்பது முதலீட்டை விரட்டவில்லை என்றால், அந்த நிலத்தின் மேல் நிற்கும் ஆட்களைப் பற்றி ஒரு வரி சேர்ப்பது எப்படி விரட்டும்? கம்பெனிகள் இங்கே வருவது துறைமுகத்துக்காக, பக்கத்திலேயே இருக்கும் உதிரிபாக ஆலைகளுக்காக, எல்லாவற்றுக்கும் மேலாகப் படித்த, பயிற்சி பெறக்கூடிய உங்களுக்காக. 18,720 பேர் தங்கும் விடுதி வளாகத்தை 706 கோடி ரூபாயில் வல்லம் வடகாலில் அரசே கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது எதற்காக? ஆட்கள் இல்லாமல் ஆலை இல்லை என்று அரசுக்கும் கம்பெனிக்கும் நன்றாகவே தெரியும் என்பதால்தான். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியில் கெட்ட சாப்பாட்டால் பெண்கள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தபோது, மற்றவர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் விடுதி பற்றிய பேச்சே சூடுபிடித்தது. உங்களுக்குப் பலம் இருக்கிறது.

எனக்குக் கோபம் வரவைக்கும் மறுப்பு ஒன்று உண்டு. இந்தப் பெண்கள் நான்கு வருஷம் வேலை பார்த்து, நகை சேர்த்துக் கல்யாணம் ஆனதும் போய்விடுவார்கள். இவர்களுக்கு எதற்கு இவ்வளவு பாதுகாப்பு என்பது. நிர்வாகங்கள் மட்டும் சொல்வதில்லை, நம் வீடுகளிலும் சொல்கிறார்கள். நோக்கியாவில் வேலை இழந்தவர்களில் பலர் அந்தச் சம்பளத்தைக் காட்டி வீட்டுக்குக் கடன் வாங்கியவர்கள், தம்பி தங்கையின் படிப்பைச் சுமந்தவர்கள், கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள். ஒரே வகை வேலையில் பழகிய கைக்கு வேறு ஆலையில் உடனே மதிப்புக் கிடைக்கவில்லை. அந்த ஆலையைச் சால்காம்ப் வாங்குகிறது என்ற அறிவிப்பு 2019 நவம்பரில்தான் வந்தது. ஐந்து ஆண்டு பூட்டிக் கிடந்த கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது; அங்கே வேலை பார்த்தவர்களைத் தேடிக் கூப்பிட வேண்டும் என்ற கடமை யாருக்கும் இருக்கவில்லை. நான்கு வருஷம்தான் வேலை என்றால், அந்த நான்கு வருஷத்துக்கு இன்னும் கூடுதலாகவே பாதுகாப்பு வேண்டும். அது போனால் திரும்பி வராது.

ஆகவே கோரிக்கை இது. அரசு எந்தச் செல்போன் ஆலைக்கும் நிலமோ மானியமோ வரிச்சலுகையோ தந்தால், அந்த ஒப்பந்தத்தில் கைமாற்றப் பிரிவு ஒன்று இருக்க வேண்டும். கம்பெனியோ, பங்கோ, அந்தப் பொருளைச் செய்யும் தொழிலோ வேறொருவருக்குப் போனால், ஆலையும் ஆட்களும் உள்ளேயா வெளியேயா என்று முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். உள்ளே என்றால் பணிக்காலம் அறுபடாமல் தொடர வேண்டும். வெளியே என்றால், பெற்ற மானியத்தில் ஒரு பகுதியைத் தொழிலாளர் இழப்பீட்டுக்குத் திருப்பித் தர வேண்டும். ஏஜென்சி மூலம் வந்தவரையும் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் உதிரிபாக ஆலைக்காரரையும் இந்தப் பிரிவு சேர்த்துக்கொள்ள வேண்டும். மூடிய ஆலை அதே நிலத்தில் வேறு பெயரில் திறந்தால் பழையவர்களுக்கு முதலுரிமை வேண்டும். இத்தகைய ஒப்பந்தங்கள் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடப்படவும் வேண்டும்.

உங்கள் அளவில் செய்ய வேண்டியதும் உண்டு. வேலைக்குச் சேரும் நாளில் நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மாதாமாதம் சம்பளச் சீட்டை எடுத்து வையுங்கள். பி.எஃப். எண்ணை நீங்களே உங்கள் போனில் திறந்து, எந்தப் பெயரில் பணம் கட்டுகிறார்கள் என்று சரிபாருங்கள். ஏஜென்சி மாறினால் பழைய கணக்கு புதியதோடு சேர்ந்ததா என்று கேளுங்கள். விருப்ப ஓய்வு என்று தாள் நீட்டினால், சங்கத்திடமோ விவரம் தெரிந்த ஒருவரிடமோ காட்டாமல் அதே நாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சங்கம் இல்லாத ஆலை என்றால் சங்கம் சேர்வது உங்கள் உரிமை.

பெற்றோர் ஊரில்தான் இருக்கிறார்கள். ஆண்டிபட்டி, பெரியகுளம், போடி, கம்பம் என்று நமக்கு நான்கு எம்.எல்.ஏ.க்கள். சாலைக்கும் குடிநீருக்கும் மனு கொடுப்பதுபோல இதற்கும் ஒரு மனு கொடுக்கச் சொல்லுங்கள். என் மகள் வேலை பார்க்கும் ஆலையோடு அரசு போட்ட ஒப்பந்தத்தில், அந்தக் கம்பெனி விற்கப்பட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்று எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது? அப்படி ஒரு பக்கம் இல்லையென்றால், அடுத்த தொழிற்கொள்கை வருமுன் அதைச் சட்டமன்றத்தில் கேட்பீர்களா? இந்த இரண்டு கேள்வி போதும். பதிலை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பள்ளத்தாக்கின் நலனில் அக்கறையுள்ள ஒருவன்